பிளம்பர் கட்டிய வலைத்தளம்

வாயில் பற்பசை நுரையோடு பிளம்பர் தன் வலைத்தளத்தைத் திறந்து பார்க்கிறார். நேற்று நீலமாக இருந்த தலைப்பு இன்று பச்சை. "இப்பதான் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு" என்கிறார். சமையலறையில் இருக்கும் மனைவியின் காதில் விழுவது "கண்ணு" மட்டும். "ஐயோ, கண்ணுல என்ன?" என்று கரண்டியோடு ஓடி வருகிறார்.

பிளம்பருக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடம் ஒரே ஒப்பந்தக்காரரிடம் குழாய் பதித்தவர். அந்த மனிதர் தொழிலை மூடிவிட்டு மகன் வீட்டோடு போகும்போது, "இனிமே நீயே ஆள் புடிச்சுக்கப்பா. இப்பல்லாம் நெட்டுல தேடித்தான் கூப்பிடுறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பிளம்பர் ஒரு பழைய லேப்டாப்பை வாங்கினார். பாட வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இரண்டே விரலால் தட்டித் தட்டித் தளத்தைக் கட்டினார். வீடியோக்காரர் "புரிஞ்சுதா?" என்று கேட்கும்போதெல்லாம், "புரியலீங்க" என்று மரியாதையாகப் பதில் சொல்வார்.

"என் வேலைகள்" பக்கத்தில் நாற்பது படங்கள். நாற்பதும் சுவர்கள். பூசி, வண்ணம் அடித்த வெறும் சுவர்கள். குழாய்கள் அத்தனையும் உள்ளே இருக்கின்றன.

"மாமா, இதைப் பாத்தா பெயிண்டர்னுதானே நெனைப்பாங்க?" என்றான் மச்சினன்.

"எங்கயாச்சும் ஒரு சொட்டு ஈரம் தெரியுதா பாரு! அதான்டா வேலை."

"சரி, உங்க போட்டோவாவது போடுங்க."

"என் மூஞ்சியப் பாத்தா தண்ணி வருமா?"

ஒரு நாளைக்கு இருபது முறை தளம் பார்க்கப்பட்டதாகக் கணக்கு காட்டும். அதில் பதினைந்து முறை பார்த்தது இவரே. மச்சினன் இரண்டு முறை, குறை கண்டுபிடிக்க. மிச்சம் பார்ப்பவர்கள் யார் என்பது அவருக்குப் புரியவில்லை. பார்க்கிறவர்கள் ஏன் கூப்பிடவில்லை என்பது அதைவிடப் புரியவில்லை. எழுத்தைப் பெரிதாக்கினார். படங்களை வரிசை மாற்றினார். மனைவியின் போனில் பதிந்திருந்த தன் பெயரைத் தட்டித் தன் போனைக் கூப்பிட்டுப் பார்த்தார். அது நன்றாகத்தான் அடித்தது. மூன்று வாரம் ஒருவரும் அழைக்காததில் சாப்பாடே இறங்கவில்லை. சாப்பிடும்போது வழக்கமாகப் பேசும் வால்வு, வாஷர் கதைகளும் நின்றுபோயின.

போன வியாழன் மதியம், மனைவி யாருடனோ போனில் பேசுவது அவர் காதில் விழுந்தது.

"மீட்டர் பக்கத்துல ஒரு வால்வு இருக்குமே, அதை மூடுங்கண்ணே. வலது பக்கமா... ம், நின்னுச்சா? இப்ப அந்த வாஷரை மட்டும் மாத்திடுங்க. ஐயோ, காசெல்லாம் எதுக்கு!"

பிளம்பர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். "யாரு அது?"

"யாரோ. மூணு வாரமா எனக்கு யாராச்சும் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. குழாய் ஒழுகுதும்பாங்க. பாவமா இருக்கு, சொல்லிக் குடுத்துடுறேன்."

"எத்தனை பேரு?"

"பதினாலு இருக்கும்."

"என்கிட்ட சொல்லலியே!"

"பக்கத்துல வந்தாலே, 'வெப்சைட் வேலையா இருக்கேன், தொந்தரவு பண்ணாத'ன்னீங்களே."

அவர் ஓடிப்போய்த் தளத்தைத் திறந்தார். தொடர்புக்கு என்ற இடத்தில் மனைவியின் எண். தன் எண்ணைத் தானே கூப்பிடுகிறவர் யார்? அவர் விரலுக்கு மனப்பாடமான எண் உலகத்தில் மனைவியுடையது ஒன்றுதான்.

"உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றார் ஈனக்குரலில்.

"கல்யாணமான நாள்லேர்ந்து சோத்துத் தட்டு முன்னாடி வேற என்ன பேசியிருக்கீங்க?"

எண்ணை மாற்ற உட்கார்ந்தார். கடைசி இரண்டு இலக்கங்களை அழித்திருப்பார், மனைவியின் போன் மறுபடி அடித்தது. மனைவி அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, அன்னிக்கு நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன், சொட்டுக்கூட ஒழுகலை. இப்ப ரெண்டு பாத்ரூமையும் இடிச்சுப் புதுசா கட்டப்போறோம். நீங்க சொல்ற ஆளுக்குத்தான் வேலை."

மனைவி கணவரை மேலும் கீழும் பார்த்தார். "ஒருத்தர் இருக்காரு. நல்லாத்தான் செய்வாரு. நேரம் இருக்கான்னு கேட்டுச் சொல்றேன்."

பிளம்பர் அழித்த இரண்டு இலக்கங்களையும் திரும்பத் தட்டினார். பிறகு எழுந்துபோய், சார்ஜரில் இருந்த தன் போனைக் கழற்றி வைத்துவிட்டு, மனைவியின் போனை வாங்கிச் செருகினார்.