டெக்லன் துடைக்காத கோப்பை

செவ்வாய்க்கிழமை காலை பேத்தி அபி ஓடி வந்து, "அம்மம்மா, டெக்லன் போயிட்டார். ஹார்ட் அட்டாக்காம்" என்றபோது நான் நம்பவில்லை. "ஆர் சொன்னது? வடிவாக் கேட்டனியோ?" என்றேன். அவரைப் பற்றி எதையும் இரண்டு தரம் விசாரிப்பது என் வழக்கம். அவருடைய தங்கை வாசலில் நின்று அழுவதைக் கண்ட பிறகுதான் அடுப்பை அணைத்தேன்.

டெக்லன் அயர்லாந்துக்காரர். மில்லேனியம் வாணவேடிக்கை முடிந்த மறு வருடம் லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தார். கிழமை நாட்களில் கட்டட வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் நாட்டுக் கால்பந்து. அதில் பந்தைக் கையாலும் பிடிப்பார்கள். இரண்டு உயரத் தூண்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பிக்கு மேலால் போனால் ஒரு பொயின்ட். இதெல்லாம் நான் பிறகு அறிந்தது. அப்போது கண்டது, காலையில் பையோடு போய் மாலையில் கண் வீங்கி வரும் ஒரு மனிதரைத்தான்.

"அடிபாட்டுக்காரன் போல கிடக்கு. பின்கதவைப் பூட்டுங்கோ" என்று மருமகனிடம் சொன்னேன்.

பொங்கலுக்குத் தட்டில் வடை அனுப்பினால், தட்டை வெறுமையாகத் தராமல் கேக் வைத்துத் தந்தார். எங்கள் பழக்கம் இவருக்கு எப்படித் தெரியும்? கேக்கில் மாட்டுக்கொழுப்பு இருக்குமோ? நான் மணந்து பார்க்க, அபி முழுவதையும் தின்றுவிட்டு, "நீங்கள் பொலிசிலை சேர்ந்திருக்கலாம், அம்மம்மா" என்றாள்.

ஒரு நாள் மேல் ஜன்னலால் பார்த்தேன். பளபளவென்று ஒரு வெள்ளிக் கோப்பையைப் பழைய துணியில் சுற்றித் தோட்டக் கொட்டிலுக்குள் வைத்தார். நேர்மையாகக் கிடைத்ததை யார் கொட்டிலில் ஒளிப்பார்கள்? களவுதான் என்று முடிவு செய்தேன்.

அடுத்த வருடம் முழங்கால் போய், விளையாட்டை விட்டார். வெள்ளைக் கோட்டுப் போட்டுத் தூணடியில் நிற்கும் அம்பயரானார். பொயின்ட் என்றால் வெள்ளைக்கொடி தூக்குவது அவர் வேலை.

அந்த நாட்களில் அபியும் பாங்கில் கூட வேலை செய்யும் பெண்களோடு அதே விளையாட்டுக்குப் போனாள். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பந்து உதைத்த பெண் அவள். கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். பைனலுக்கு நானும் போனேன். கடைசி உதை அபியுடையது. பந்து தூணை உரசுவது போலப் போயிற்று. டெக்லன் கொடியைத் தொடவில்லை. பொயின்ட் இல்லை என்று தலைக்கு மேல் இரண்டு கைகளையும் குறுக்கே அசைத்தார். ஒரு பொயின்டால் தோற்றோம்.

மூன்று கிழமை அவருக்குத் தட்டுப் போகவில்லை. பிறகு வேலியடியில் பிடித்துக்கொண்டேன். அபிதான் மொழிபெயர்த்தாள்.

"தம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இப்பிடிச் செய்யலாமோ?"

"பந்து ஒரு சாண் வெளியால போனதாம், அம்மம்மா. உண்மைதான். எனக்கும் அப்பவே தெரியும்."

"கள்ளக் கோப்பையைக் கொட்டிலுக்கை வைச்சிருக்கிறவர் எனக்கு நீதி சொல்லுறாரோ!"

அபிக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் கேட்டுக்கேட்டு நின்றதால் அதையும் சொன்னாள். டெக்லன் கொட்டிலுக்குப் போய், கறுத்துக் கிடந்த கோப்பையை எடுத்து வந்து வேலி மேல் வைத்தார்.

"இவர் விளையாடின பைனல்லை கடைசியா அடிச்சு வெண்டதுக்குக் குடுத்ததாம்," என்றாள் அபி. "பந்து வெளியாலதான் போனதாம். அம்பயர் வெள்ளைக்கொடியைத் தூக்கிட்டாராம். எல்லாரும் இவரைத் தோளிலை தூக்க, இவர் வாய் திறக்கேல்லையாம். அம்மம்மா சொன்னது சரியாம், களவுதானாம். அதாலைதான் துடைக்கிறேல்லையாம், கொடி பிடிக்கப் போனதாம்."

அத்தனை வருடம் சந்தேகித்தவள் நான். அன்று மாலை இடியப்பம் அனுப்பினேன். தட்டில் கேக் வந்தது. மணக்காமல் தின்றேன்.

அந்தச் செவ்வாய்க்குப் பின் வந்த சனிக்கிழமை, அவருடைய சவப்பெட்டியை ஏற்றிய கார் எங்கள் தெருவால் போனது. அபியின் அணி இரு பக்கமும் நின்றது. அவருடைய வெள்ளைக்கொடியைத் தங்கையார் அபியிடம் கொடுத்திருந்தார். நான் அதை வாங்கினேன்.

"அம்மம்மா, கொடி தூக்க முதல் வடிவாப் பாத்தனீங்களோ?" என்றாள் அபி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"பாத்தனான்" என்று சொல்லி, கை நோகும் வரை கொடியை உயர்த்திப் பிடித்தேன். போய் வாருங்கள், டெக்லன்.