அந்தத் துறைமுக நகரத்துப் பதினேழு பேர்

அவுஸ்திரேலியாவில் ஒரு துறைமுக நகரம். அங்கே பிறந்து பேர் பெற்றவர்கள் பதினேழு பேரை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஒரு நீச்சல்காரி, ஒரு நீதவான், முட்டை வடிவப் பந்தால் விளையாடிய அண்ணன் தம்பி, கப்பல்களை மட்டுமே வரைந்த ஓவியர், விமானம் ஓட்டிய பெண், இப்படி. பெயர், பிறந்த ஆண்டு, செய்த காரியம் எல்லாம் வரிசையாக வரும். இடையில் யாராவது நிறுத்தினால் மறுபடி நீச்சல்காரியில் இருந்துதான் தொடங்க வேண்டும். திருகோணமலையில் மருந்து விற்கும் பாமசி ஒன்றில் குளிசை கொடுக்கிறவளுக்கு இந்த அறிவு எதற்கு என்று கேட்பீர்கள். எல்லாம் பயத்தில் படித்தது.

அந்த நகரத்தில்தான் என் கணவர் இருந்தார். எங்களுடையது பேசிச் செய்த கலியாணம். அவர் வெருகல் பக்கத்து ஆள். பத்து வருடங்களுக்கு முன்பே போனவர், அங்கே துறைமுகத்தை ஒட்டி மீன் பொதி செய்யும் இடமொன்றில் வேலை. கலியாணத்துக்கு வந்தார், இருபத்தாறு நாள் நின்றார், திரும்பிப் போனார். அந்த இருபத்தாறு நாளில் பாதி, சொந்தக்காரர் வீட்டு விருந்துகளிலேயே கழிந்தது. அவருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்பதை நான் கண்டுபிடித்ததே இருபதாம் நாள்தான். அதுவரை அந்த மனிசன் வாய் திறக்காமல் தின்றுகொண்டிருந்தார்.

பிறகு எனக்கு விசா கேட்டு விண்ணப்பித்தோம். ஒன்றரை வருடம் காக்க வைத்து, இது உண்மையான கலியாணம் என்று நம்பப் போதிய ஆதாரம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். கழுத்தில் தாலி கிடக்கிறது, அலுமாரியில் கூறைச்சேலை இருக்கிறது, கலியாணம் பொய் என்று கடதாசி வருகிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கோபம் இரண்டு நாளில் போய்விட்டது, பயம்தான் தங்கியது. இரண்டாம் முறை விண்ணப்பத்தை நிரப்பித் தந்தவர், "இதும் சரிவராட்டி இனி மினக்கெடாதேங்கோ" என்று முகத்துக்கு நேரே சொன்னார். என் கணவருக்கோ இங்கே திரும்பி வந்து நிற்க வெருகலில் வீடும் இல்லை, ஆளும் இல்லை. ஆக, இந்தத் தடவையும் மறுத்தால் நான் இங்கே, அவர் அங்கே. அவ்வளவுதான்.

இம்முறை போனில் விசாரிப்பார்கள் என்று அறிவித்திருந்தார்கள். வருகிற இரண்டு மாதத்துக்குள் எந்த வேலை நாளிலும் அழைப்பு வரலாம். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. கிணற்றடியில் வரும், துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் மதிலடியில் இன்னும் நன்றாக வரும். காலைச் சாப்பாட்டை மதிலடியில் நின்றபடி சாப்பிட்டேன். குளிக்கப் போகும்போது போனைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டு, நின்று காது கொடுப்பேன். துறைமுகத்தில் கப்பல் ஊதினாலும் போனை எடுத்துப் பார்ப்பேன்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. முக்கியமான விஷயத்தைப் போனில் கதைக்க மாட்டோம். யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்ற நினைப்பு யுத்த காலத்தில் வந்தது. யுத்தம் முடிந்த பிறகும் அது போகவில்லை. நானும் அவரும் கலியாணம் முடித்த நாளில் இருந்து போனில் கதைத்தது சாப்பாடும் மழையும்தான். விசாவுக்கு எங்கள் பாஷையில் 'அந்த விஷயம்' என்று பெயர். அந்த விஷயம் என்னவாயிற்று, அந்த விஷயம் அப்படியே இருக்கு, அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

இரண்டாம் விண்ணப்பம் போட்ட புதிதில் ஒரு நாள் அவரிடம் கேட்டேன்.

"அங்க உங்களுக்கு ஆர் ஆக்கள் இருக்கினம்?"

"இருக்கினம், இருக்கினம்" என்றார். பிறகு இங்கே மழையா என்று கேட்டார்.

ஏழு நாள் கழிந்து அடுத்த கிழமை என் போனுக்கு ஒரு படம் வந்தது. சுவரில் மாட்டிய ஒரு பெண்ணின் படம். கீழே பித்தளைத் தகட்டில் பெயர், ஆண்டு, அந்த நகரத்தில் பிறந்த நீச்சல் வீராங்கனை என்று ஆங்கிலத்தில். அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. அதற்கடுத்த கிழமை நீதவான் வந்தார். பிறகு அண்ணன் தம்பி. கிழமைக்கு ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. எனக்கு முன்பே விசா எடுத்துப் போன மச்சாள் ஒருத்தி, "போற ஊரைப் பற்றித் துருவித் துருவிக் கேப்பினம்" என்று சொல்லியிருந்தாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. மனிசன் போனில் சொல்லப் பயந்து சோதினைக்குக் குறிப்பு அனுப்புகிறார். என்ன கெட்டித்தனம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். ஒரு பெரிய கொப்பி வாங்கி எல்லாவற்றையும் எழுதிப் பாடமாக்கத் தொடங்கினேன்.

பாமசி முதலாளி கிண்ணியாக்காரர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல நானும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். ஆள் இல்லாத நேரத்தில் கொப்பியை அவரிடம் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்வேன்.

"பதினொராவது ஆள் யாரு புள்ள?"

"விமானம் ஓட்டின பொம்பிளை, நானா."

"சரி. இந்த இருமல் பாணிய எங்க வச்சீங்க? அது ஞாபகம் இல்ல. விமானம் ஓட்டினவ ஞாபகம்."

அழைப்பு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. கையில் ஒருவருடைய நீரிழிவுக் குளிசை. போனில் இலக்கம் தெரியவில்லை. நானா என் முகத்தைப் பார்த்ததும் குளிசையைக் கையில் இருந்து பறித்துக்கொண்டு, சேலைன் பெட்டிகள் அடுக்கிய பின் அறைக்குள் என்னைத் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

அதிகாரி ஒரு பெண். அவர் ஆங்கிலத்தில் கேட்க, இன்னொரு பெண் தமிழில் சொன்னார். கலியாணம் எங்கே நடந்தது, யார் யார் வந்தார்கள், என்ன சாப்பாடு. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நகரத்தைப் பற்றி எப்போது கேட்பார்கள் என்று காத்திருந்தேன்.

"உங்கட கணவர் லீவு நாளில என்ன செய்யிறவர்?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் மழையையும் சாப்பாட்டையும் கதைத்திருக்கிறோம், இதைக் கேட்டதே இல்லை. "வீட்டில நிப்பார்" என்றேன். அது பொய் என்று எனக்கே கேட்டது.

"சரி. அங்க அவருக்கு நெருக்கமான சினேகிதர் ரெண்டு பேரின்ர பேர் சொல்லுங்கோ."

ஒரு பேரும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. சோதினையில் கேட்ட கட்டுரை தெரியாவிட்டால் வெறும் தாளைக் கொடுக்க மாட்டோம், பாடமாக்கிய கட்டுரையை எழுதிவைத்துவிட்டு வருவோம். என் வாய் அந்த வேலையைத்தான் பார்த்தது. நீச்சல்காரியில் தொடங்கினேன். "தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கோ" என்று தமிழில் கேட்ட பெண் இரண்டு தரம் சொன்னார். பொறுத்தால் முதலில் இருந்து தொடங்க வேண்டுமே. நிற்காமல் பதினேழு பேரையும், பிறந்த ஆண்டோடு, சொல்லி முடித்தேன்.

அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் ஏதோ மெதுவாகக் கதைத்தார்கள்.

"தங்கச்சி, இதில கனபேர் செத்துப்போன ஆக்களாம். உங்கட கணவருக்கு இவையளை எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிறா."

"தெரியாது. அவர்தான் படம் அனுப்பினவர்."

"ஏன் அனுப்பினவர்?"

சோதினைக்கு என்று சொல்ல ஏலுமா? "தெரியாது" என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள்.

நான் வெளியே வந்து கதிரையில் இருந்தேன். கடை வாசலில், எங்கள் ஊர்த் தெருக்களில் ஆடு மாடு போலத் திரியும் மான்களில் ஒன்று மருந்துப் பெட்டி மட்டையைச் சப்பிக்கொண்டிருந்தது. நானா பிளேன்டீ ஊற்றித் தந்து, என்ன கேட்டார்கள் என்றார். "சினேகிதரைக் கேட்டவை நானா. நான் பதினேழு பேரையும் சொல்லிப்போட்டன்." எதற்கெடுத்தாலும் பகிடி விடுகிற மனுசர், அன்றைக்கு எழுந்து மானைத் துரத்தப் போனார். என் வாயாலேயே என் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டேன் என்று அழுதேன்.

எங்கள் மதியம் அவருக்கு மாலை. வேலை முடிந்து அவர் எடுத்தபோது எல்லாவற்றையும் கொட்டினேன். ஒட்டுக் கேட்கிறவன் கேட்டுவிட்டுப் போகட்டும், இனி என்ன இருக்கிறது.

"நீங்கள் படிக்க அனுப்பினதைத்தானே சொன்னனான்" என்றேன்.

"நான் படிக்க அனுப்பேல்ல. எனக்கு இங்க ஆர் ஆக்கள் எண்டு நீர் கேட்டனீரெல்லோ. அதுக்குத்தான் அனுப்பினனான்."

பிறகு சொன்னார். லீவு நாளில் நகரத்து நூலகத்துக்குப் போவாராம். உள்ளே நுழைந்தவுடன் ஒரு சுவர், அதில் இந்தப் பதினேழு பேரின் படங்கள். அதன் கீழே இரண்டு மெத்தைக் கதிரைகள். ஒன்றில் குந்தி இருந்து பொழுதைப் போக்குவார். ஏன் இருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லையாம். வேலையிடத்தில் வணக்கம் சொல்வார்கள், அதோடு சரி. பத்து வருடத்தில் ஒருவர் வீட்டுக்கும் அவர் போனதில்லை.

"விசரே உங்களுக்கு? என்னட்டச் சொல்லியிருக்கலாமே" என்று கத்தினேன்.

"சொன்னா நீர் பயந்து வராமல் விட்டிருப்பீர்."

இரண்டு நாள் கழித்து அந்த அதிகாரி அவரையும் அழைத்தார். அதே கேள்விதான். அவர் இந்த முறை மறைக்கவில்லை. ஒருவரும் இல்லை, நூலகத்தில் படங்களுக்குக் கீழே இருப்பேன், கிழமைக்கு ஒரு படம் மனைவிக்கு அனுப்புவேன் என்றாராம். எத்தனை படம் என்று அதிகாரி கேட்டாராம். பதினேழு என்றாராம். நான் போனில் சொன்ன கணக்கும் அதுதான்.

ஐந்து கிழமையில் விசா வந்தது. நானா கடையில் இருந்த எல்லாருக்கும் சோடா உடைத்துக் கொடுத்தார். நான் வெளியில் மட்டும்தான் சிரித்துக்கொண்டு நின்றேன். மூன்று வருடம் போக முடியாமல் போய்விடுமோ என்று நடுங்கினேன். இப்போது போவதற்கு நடுங்குகிறேன். பத்து வருடத்தில் என் மனிசனுக்கு ஒரு ஆள் கிடைக்காத ஊர் அது. அங்கே எனக்கும் அந்தப் பதினேழு பேரைத்தான் தெரியும்.

பயணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நேற்று மதிலடியில் நின்று கதைக்கும்போது கேட்டேன், "அந்த மற்றக் கதிரையில ஆர் இருக்கிறவை?"

"ஒருத்தரும் இருக்கிறேல்ல. நீர் வாரும்" என்றார். சொல்லும்போது அவருடைய குரல் நடுங்கியது. அவருக்கும் பயம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.