நான்கு பேர் என்று எழுதிய வீடு

ஊரை விட்டு வெளிநாடு வந்து, லிட்கமில் நாங்கள் அப்போது ஒரே வீட்டில் ஒன்பது பேர் இருந்தோம். வாடகை ஒப்பந்தத்தில் நான்கு பேர். மூன்று அறை, ஒரு குளியலறை. காலையில் அதன் வாசலில் துவாயோடு வரிசை நிற்கும். குளிர்காலத்தில் பின்னறைச் சுவரில் பூஞ்சணம் கறுத்து ஏறும். நீரிழிவு பிடித்த அன்ரி அந்த அறையில்தான் இருந்தார். அவர் சொந்தக்காரி இல்லை, எங்களைப் போல வாடகையில் பங்கு கொடுத்தவர். வீட்டை வாடகைக்கு விட்ட ஏஜென்டுக்கு முறைப்பாடு எழுதினால் 'ஜன்னலைத் திறந்து வையுங்கள்' என்று பதில் வரும். நாசமாய்ப் போவார்.

குடிசன மதிப்பீட்டுப் படிவம் வந்த சனிக்கிழமை மத்தியானம், தன் பெயரில் வீட்டை எடுத்த அங்கிள் எல்லாரையும் குசினிக்குள் கூப்பிட்டார். இங்கிலீஷ் ஒழுங்காக எழுதத் தெரிந்தவள் என்று பேனையை என்னிடம் தந்தார்.

"நாலு பேர் எண்டு எழுது பிள்ளை."

"அங்கிள், இது ஏஜென்டுக்குப் போகாதாம். இதிலயே போட்டிருக்கு."

"போடுவாங்கள். ஊரில ஆர்மி வீட்டுப் பட்டியல் எடுக்கேக்கையும் உங்கட பாதுகாப்புக்கு எண்டுதானே சொன்னவங்கள்? பிறகு நடந்ததை நான் உனக்குச் சொல்ல வேணுமே?"

சொல்ல வேண்டியதில்லை. பட்டியலில் இல்லாத ஆள் வீட்டில் இருந்தாலும் அடி, பட்டியலில் உள்ள ஆள் இல்லாவிட்டாலும் அடி. அந்தப் பயம் விசா கேட்காமலே எங்களோடு பிளேன் ஏறி வந்துவிட்டது. நாலு என்று எழுதினேன்.

வீட்டில் பேசும் மொழி என்ன என்று அடுத்த கேள்வி.

"இங்கிலீஷ் எண்டு போடு. தமிழ் எண்டால் பள்ளிக்கூடத்தில பிள்ளையளைத் தனி வகுப்பில இருத்திப் போடுவாங்கள்."

அதையும் எழுதினேன். அந்த வீட்டில் இங்கிலீஷ் பேசியது டிவி மட்டும்தான்.

மூலைக் கதிரையில் இருந்த அன்ரி எட்டிப் பார்த்தார். "என்ர பேரும் போட்டாச்சோ பிள்ளை?"

நான் எழுதிய நாலு பேரில் அவர் இல்லை. "ஓம் அன்ரி" என்றேன். அவர் சந்தோசமாகத் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.

இரண்டு வருசம் போனது. அன்ரியின் காலில் ஒரு புண் வந்து ஆற மறுத்தது. பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் புதன்கிழமைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வருவார். அந்த ஒரு நாளை நம்பித்தான் அன்ரி வைத்தியம் செய்துகொண்டிருந்தார். அதை நிறுத்தப் போகிறோம், இனி எல்லாம் போனில்தான் என்று கதவில் காகிதம் ஒட்டினார்கள். அன்ரிக்கு ஒரு காது கேளாது, மற்றது அரைவாசி. போனை எந்தக் காதில் வைப்பது?

அதைப் பற்றி விளக்கப் பரமட்டாவில் கூட்டம் வைத்தார்கள். கொதியோடு போனேன். அதிகாரி திரையில் ஓர் அட்டவணையைப் போட்டு, உங்கள் பகுதியில் தமிழ் பேசும் வீடுகள் மிகக் குறைவு, ஆள் இல்லாத இடத்துக்கு மொழிபெயர்ப்பாளரை அனுப்ப முடியாது என்று சிரித்த முகத்தோடு சொன்னார். ஆள் இல்லையா? தேர்த் திருவிழாவுக்கு ஒருநாள் வந்து பாரும் ஐயா, நிற்க இடம் கிடைக்குதா என்று! பாதி இங்கிலீஷிலும் பாதி தமிழிலும் கத்தினேன்.

பக்கத்தில் கெல்லிவில்லிலிருந்து வந்த ஐடிக்காரர் என் கையைத் தட்டினார். "கத்தாதீங்க மேடம். சென்சஸ் படிவத்துல நாங்களும் வீட்ல இங்கிலீஷ்னுதான் போட்டோம். அதுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கோ? உங்களுக்கு வாய் இருக்கு, டொக்டரோட இங்கிலீஷில சண்டை பிடிப்பீங்கள். வாய் இல்லாததுகள் எங்க போறது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நல்லாய்க் குடுத்தேன் என்று திரும்பினால், திரையில் அடுத்த அட்டவணை. அளவுக்கு மிஞ்சி ஆட்கள் நெருங்கி வாழும் வீடுகள், எங்கள் பகுதியில் அநேகமாக இல்லையாம். எந்தப் பொய்யன் இதை எழுதினான் என்று கேட்க வாயைத் திறந்தேன். குசினியில் நான் எழுதிய நாலு கண்முன் வந்தது. அங்கிளைத் திட்டலாம், ஆர்மியைத் திட்டலாம், ஏஜென்டைத் திட்டலாம். பேனை பிடித்தது என் கை. சனியன் பிடித்த கை.

புதன்கிழமை நின்றுபோனது. போனில் என்ன கேட்டாலும் அன்ரி "யேஸ், யேஸ்" என்றிருக்கிறார். வலிக்குதா என்றதற்கு என்ன சொன்னார், காய்ச்சல் இல்லையே என்றதற்கு என்ன சொன்னார், கடவுளுக்குத்தான் வெளிச்சம். புண் உள்ளுக்குள் பழுத்து, கடைசியில் கால் பெருவிரலை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோனேன். கட்டுப் போட்ட காலைத் தலையணையில் வைத்தபடி அன்ரி கேட்டார்:

"இஞ்ச தமிழ் ஆக்கள் இல்லையெண்டு சொல்லித்தான் புதன்கிழமை மொழிபெயர்க்க வாற அந்தப் பிள்ளையை நிப்பாட்டினவங்களாம். உண்மையே?"

"ஓம் அன்ரி."

"விசர்க் கதை. அண்டைக்குக் குசினியில எங்கட எல்லார்ர பேரையும் நீதானே எழுதினனி? போய் அவங்களிட்டச் சொல்லன் பிள்ளை."