ஐந்துக்கு ஐந்து

யாழ்ப்பாணத்தில் கலைப்பிரிவு படித்தவர்களில் பாதிப்பேர் கிரேக்க உரோம நாகரிகத்தை ஒரு பாடமாக எடுத்தவர்கள். யோகராணி டீச்சர் அதை வருடக்கணக்காகப் படிப்பித்தவர். அவருக்குக் கொழும்பைவிட ஏதென்ஸ் கிட்ட. ஒலிம்பஸ் மலைத் தெய்வங்களின் குடும்பச் சண்டைகளைப் பக்கத்து வீட்டுச் சங்கதிபோலச் சொல்லுவார். நியூசிலாந்துக்குப் புலம்பெயர்ந்து வந்தபின், ஒக்லாந்தில் அந்த அறிவை யார் கேட்டார்கள்? விரி என்ற பகுதியில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினார். கணவர் காலமானபின், ஏவன்டேலில் ஒரு வாடகை வீட்டில், பார்த்தீபன் என்ற ஒற்றைப் பிள்ளையை ஆளாக்கினார்.

பார்த்தீபன் தமிழ்ச் சங்கத்தின் கரப்பந்தாட்ட அணியில் ஆடினான். போட்டி முடிந்து திரும்பிய ஒரு மழைநாளில் அவன் கண்மண் தெரியாமல் ஓட்டிய கார் கம்பத்தில் மோதியது. பக்கத்தில் இருந்த யசீகரன் அங்கேயே முடிந்துபோனான். இருவரும் ஒரே அணி, சின்ன வயதுக் கூட்டாளிகள். நீதிமன்றம் வீட்டுக்காவல் கொடுத்தது. காலில் கட்டிய கண்காணிப்புப் பட்டி கழன்ற பிறகும் பார்த்தீபன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்பி வந்தது. இவனையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று டீச்சர் பயந்தார்.

ஒருநாள் அவனாகவே வாய் திறந்தான். "அம்மா, கேன் ஐ ப்ளே அகெய்ன்?"

விபத்துக்குப் பின் அவன் கேட்ட ஒரே விஷயம் அதுதான். டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார்.

முடிவு சங்கத்தின் பத்துப்பேர் கொண்ட செயற்குழு கையில் இருந்தது. தலைவர் தவராசா தொலைபேசியில் பிடித்தார். "டீச்சர், யசீகரன்ரை தாய் நிலானி உங்கடை மகனுக்குத் தடை போடச் சொல்லித் தீர்மானம் கொண்டுவரப் போறா. நீங்கள் பேசாமல் இருங்கோ. அவ கேக்கட்டும்."

"நிலானி எழும்பி நிண்டு கேக்கவேணுமோ?"

"ஓம், அவதானே கேக்கவேணும்."

பிள்ளையைப் பறிகொடுத்தவள் பத்துப்பேர் முன்னால் நின்று குரல் நடுங்கக் கேட்பதா? டீச்சருக்கு மனம் ஒப்பவில்லை. உண்மையைச் சொன்னால், மகனின் பெயருக்குப் பக்கத்தில் தடை என்ற சொல் வருவதையும் அவரால் தாங்கமுடியவில்லை. வாத்திமாருக்கு இந்த வீறாப்பு கொஞ்சம் கூட. 'பார்த்தீபனைத் திரும்ப அணியில் சேர்த்துக்கொள்ள வேண்டும்' என்று தானே தீர்மானம் கொடுத்தார். அது தோற்றால் தனக்கு வேண்டியது தானாக நடக்கும் என்று நிலானியும் தன்னுடையதை விட்டுவிட்டாள்.

அந்தக் கிழமை முழுக்க டீச்சர் சாப்பாட்டு நேரத்தில் களஞ்சியத்தின் வாசலில் நின்று குழுவினர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கெஞ்சினார். ஐந்துபேர் கட்டாயம் வாக்குத் தருவதாகச் சொன்னார்கள். ஆறாவது ஆளைப் பிடிக்கத் தலைகீழாக நின்றும் முடியவில்லை. பரவாயில்லை, ஐந்து போதும் என்று நினைத்தார். அங்கேதான் கணக்குப் பிழைத்தது.

ஞாயிற்றுக்கிழமை, லின்ஃபீல்ட் மண்டபம். பார்த்தீபன் வெளியே காருக்குள் இருந்தான். வாக்குத் துண்டுகளை எண்ணிமுடித்து தவராசா நிமிர்ந்தார். "ஐஞ்சுக்கு ஐஞ்சு. சமம்."

டீச்சர் கண்களை மூடிக் கும்பிட்டார். அவர் படிப்பித்த கிரேக்க நாடகத்தில், தாயைக் கொன்ற ஒரெஸ்தெஸைப் பழிவாங்கும் தேவதைகள் துரத்துகிறார்கள், அதீனா தெய்வம் தானே தீர்ப்புச் சொல்லாமல் ஊர்மக்களைக் கூப்பிட்டு வாக்குப் போடவைக்கிறாள், வாக்குகள் சமமாகின்றன, அவன் விடுதலை. குடிமக்களின் நீதி அங்கேதான் தொடங்கியது என்று எத்தனை வகுப்புக்கு, வீட்டில் மகனுக்கும்கூட, சொல்லியிருப்பார்.

"அப்ப மகன் விளையாடலாம்தானே?"

தவராசா மேசையைப் பார்த்தார். "இல்லை டீச்சர். சமமெண்டால் தீர்மானம் விழுந்திட்டுது."

"சமமெண்டால் விடுதலை, தவராசா. ஒரெஸ்தெஸ்…"

"ஏ.எல் வகுப்பிலை நானும் அதுதானே படிச்சனான். அங்கை வழக்கு வைச்சது துரத்திக்கொண்டு வந்தவை. சமம் வந்தால், கேட்டவைக்கு இல்லை. இங்கை கேட்டது நீங்கள்."

டீச்சர் மேசைக்குக் கிட்ட வந்தார். "அப்ப மாத்திக் கேளுங்கோ. தடை போடவோ எண்டு கேளுங்கோ. அதே ஐஞ்சுக்கு ஐஞ்சுதானே வரும்."

"நான் கேக்க ஏலாது. ஆரும் தீர்மானம் கொண்டுவரவேணும்."

நிலானி கடைசி வரிசையில் இருந்தாள். டீச்சர் கதிரைகளை இடித்துக்கொண்டு போய் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்தார். "நிலானி, நீர் கேளும். என்ரை பிள்ளைக்குத் தடை போடச் சொல்லிக் கேளும். உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

நிலானி கைகளை உருவிக்கொள்ளவில்லை. அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. "நான் இனி ஏனக்கா கேக்கவேணும்?" என்றாள்.

டீச்சர் வெளியே வந்தார். காரை நோக்கி நடந்தார்.

பார்த்தீபன் கண்ணாடியை இறக்கினான். "வாட் ஹாப்பன்ட்?"

"சமம்," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

அவன் முகம் மலர்ந்தது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு. "டையா? லைக் ஒரெஸ்தெஸ்? ஸோ ஐ ஆம் ஃப்ரீ, அம்மா?"

கதவைத் திறந்து, காலை வெளியே வைத்து, சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டத் தொடங்கினான்.