சுகர் என்று சொல்லிவிட்டாள்

என் மனைவிக்கு முதலில் கையில் பலம் குறைந்தது. குடத்தைத் தூக்க முடியவில்லை. அப்புறம் சோறு தொண்டையில் நின்றது. ரசம் விட்டுக் குழையப் பிசைந்தாலும் இறங்க நேரமாகும். நான் காளவாசல் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறேன். சவாரியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கூட்டிப் போனேன்.

கடைசியாகப் பார்த்த டாக்டரம்மா ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிப் பார்த்தார். தசையில் வருவது, அபூர்வமானது, இன்ன நோய் என்று முடிவு வரவில்லை என்றார். குணமாகுமா என்று இவள் கேட்டாள்.

"தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி சொல்ல எனக்கு மனசில்ல. விடாம வாங்க, சேந்து பாப்போம்."

அப்படிச் சொன்ன டாக்டரை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை.

எங்கள் பக்கம், முடியாதவர்களைப் பார்க்க ரொட்டி பாக்கெட்டோடு வருகிறவர்கள் என்ன நோய் என்று கேட்காமல் எழுந்திருக்க மாட்டார்கள். தெரியாது என்றால் செய்வினை என்பார்கள். அதற்குப் பயந்து இவளே ஒரு நாள் சுகர் என்று சொல்லிவிட்டாள். வந்தவர்களுக்கு நிம்மதி. எல்லார் வீட்டிலும் சுகர் இருந்தது. வெந்தயம் ஊறப்போடச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

திருமங்கலத்தில் இவள் அண்ணன் புதுவீட்டில் பால் காய்ச்சினார். மத்தியானப் பந்தியில் இவள் இலையில் சோறு அப்படியே இருந்தது. பாயசம் வந்தது. அது ஒன்றுதான் சிரமமில்லாமல் இறங்கும். வாளியோடு வந்த அண்ணன் இவள் இலையைத் தாண்டினார்.

"உனக்கு ஆகாது ஆத்தா. வாயக் கட்டாமத்தான இம்புட்டுக்கு வந்திருக்கு."

பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். இவள் குனிந்தபடியே சொன்னாள்.

"சுகரு இல்லண்ணே. சோறு எறங்க மாட்டேங்குது. என்னன்னு டாக்டருக்கே தெரியல."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "என்ன மாப்ள இது? வேற ஆளப் பாக்க வேண்டியதுதான?"

"பாத்தாச்சு மச்சான்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். இவளால் அதைத் தூக்க முடியவில்லை. அவரே வாங்கி, வாயருகில் பிடித்துக்கொண்டு நின்றார். பந்தி காத்திருந்தது.

அதன் பிறகு வீட்டுக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். வந்து என்ன பேசுவது என்று தெரியவில்லை போல. டாக்டரம்மா இன்னும் தெரியாது என்றுதான் சொல்கிறார். இவள் உடம்பு பாதியாகிவிட்டது.

அண்ணன் மட்டும் பஸ் ஏறி வருகிறார். நோயைக் கேட்பதில்லை. செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு என்ன ஆத்தா எறங்குச்சு?" என்பார்.

போன வாரம் அவர் கேட்ட அன்று ஒரு வாய்கூட இறங்கியிருக்கவில்லை. இவள் என்னைப் பார்த்தாள். கஞ்சித் தண்ணி என்று நான்தான் சொன்னேன்.