இன்ஜின் மேல் வறுபட்ட கோடி உயிர்கள்

உயிருள்ள எதையும் காப்பாற்றும் பொறுப்பை என்னிடம் கொடுத்தால், வண்டியிலேயே நல்ல இடமாகப் பார்த்து உட்காரவைத்துக் கொன்றுவிடுவேன். எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆடி மாதம், அரியலூர்–பெரம்பலூர் பஸ்ஸில் இதைச் செய்தும் காட்டியிருக்கிறேன்.

குரும்பலூரில் என் மனைவிக்குச் சீதனமாக வந்த மானாவாரிக் காடு ஒரு துண்டு இருந்தது. டவுனில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டு, புத்தகம் படித்து, அதில் நான் விவசாயம் செய்தேன். முந்தின வருஷம் போட்ட சூரியகாந்தியைக் கிளிகள் ரசித்துச் சாப்பிட்டன. மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டாள்:

“இந்த வருஷம் கடலை போடுங்க. தம்பி கடலை அளவுக்கு வரலன்னா, காட்ட அவன்கிட்டயே வுட்டுடுறேன்.”

அவள் தம்பி, அதாவது என் மச்சினனின் காடு வரப்புக்கு அந்தப் பக்கம்.

என் கடைசி அஸ்திரம் ரைசோபியம். கடலை வேரில் குடியேறி, காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டும் பாக்டீரியா. கரிப்பொடி மாதிரி பொட்டலத்தில் வரும். ஆறின கஞ்சியில் குழைத்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். அரியலூரில் அதைக் கொடுத்த விவசாய ஆபீசர், “உயிருள்ள சரக்கு சார், பாத்துக் கொண்டு போங்க” என்றார்.

பார்த்தேன். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பொட்டலங்கள் நசுங்கக் கூடாதே என்று, டிரைவருக்குப் பக்கத்திலிருந்த இன்ஜின் மூடியின் மேல் அடுக்கி, இரு கையாலும் அணை கட்டி நின்றேன். அங்கேயே கூடையை வைத்திருந்த முன்சீட்டு அம்மாள் கேட்டாள்:

“என்னா தம்பி, கருவாடா? இப்புடிக் காவல் காக்குற?”

“இல்லம்மா. உள்ள கோடிக்கணக்குல உயிர் இருக்கு.”

“அடப்பாவி! காத்துப் போவ ஓட்ட போட்டியா?”

டிரைவர் திரும்பினார். “கடிக்குமா சார்?”

விடுவேனா? தழைச்சத்திலிருந்து ஆரம்பித்தேன். ரயில்வே கேட் மூடியிருந்ததால் நேரமும் தாராளமாகக் கிடைத்தது. இன்ஜின் அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தது. “கத்தரிக்கா வெந்துரும்” என்று அம்மாள் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் பேச்சு மும்முரத்தில் இருந்தேன்.

விதைப்பு முறைப்படி நடந்தது. கஞ்சியை ஆறவைத்தேன். விதையை வேப்பமர நிழலில் பரப்பினேன். வரப்பில் நின்ற மச்சினன், “என்ன மாமா, கடலைக்கு மை தீட்டுறீங்களா?” என்றான்.

“சிரிச்சுக்க மாப்ளே. பூ எடுக்கட்டும், பேசிக்கலாம்.”

பூ எடுத்து, காயும் பிடித்தது. மழையும் தயவு பண்ணியது. ஒரு செடியைப் பிடுங்கினால், வேர் முழுக்கக் கடுகு தெளித்த மாதிரி முடிச்சுகள். கிள்ளிப் பார்த்தால் உள்ளே சிவப்பு. பாக்டீரியா உழைக்கிறது என்று அர்த்தம். மனைவியையும் மச்சினனையும் கூப்பிட்டு, செடியைக் கொடிபோல் தூக்கிப் பிடித்துச் சொற்பொழிவு ஆற்றினேன். பயிர் பார்க்க வந்த அதே ஆபீசரும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்.

“பொட்டலத்த எப்புடி சார் கொண்டாந்தீங்க?”

பெருமையோடு சொன்னேன். அவர் முகம் துக்கம் விசாரிக்க வந்தவர் முகமாயிற்று.

“இன்ஜின் மேலயா? தோசைக்கல்லாட்டம் கொதிக்குமே சார்! கேட்டு தொறக்குறதுக்குள்ளயே அதுக கதை முடிஞ்சிருக்கும்.”

“அப்ப இந்த முடிச்சு?”

“கடலை போட்டுப் பழகின மண்ணு. அதுலயே கொஞ்சம் குடியிருக்கும்.”

மச்சினன் வரப்பைத் தாண்டிப் போய், தன் காட்டிலிருந்து ஒரு செடியைப் பிடுங்கி வந்தான். அதே கடுகு. அதே சிவப்பு.

காடு கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தேன். மனைவி இரண்டு செடிகளையும் வாங்கி மாற்றி மாற்றிப் பார்த்தாள். தம்பி கடலைக்கு என் கடலை ஒரு காய்கூடக் குறைவில்லை.

“காடு உங்ககிட்டயே இருக்கட்டுங்க” என்றாள். “கடலை மட்டும் போடுங்க. நீங்க என்ன பண்ணாலும் அது பாட்டுக்கு வெளையும்போல இருக்கு.”