மூடாமல் விட்ட ரோஜா

அக்டோபர் பிறந்துவிட்டால் எமெட் ஸ்கோக்மனுக்குக் கை சும்மா இருக்காது. முப்பது வருடம் கவுன்ட்டி நிர்வாகத்துக்காகச் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டியவர். குளிர்காலத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவர்கள் எங்கள் வடக்கு மினசோட்டாவிலேயே குறைவு. அதனாலோ என்னவோ, சம்பந்தி வீட்டார் வருகிற நாளுக்குப் பெண் வீடு தயாராவதுபோல வீட்டைச் சுற்றி ஒரு குறை வைக்க மாட்டார்.

முதலில் புல். கடைசி முறையாக ஒட்ட வெட்டுவார். நீளமாக விட்டால் பனிக்கடியில் பூஞ்சை பிடித்துக்கொள்ளும், எலிகளுக்கும் கொண்டாட்டம். மேப்பிள் சருகில் பாதியை வெட்டும் இயந்திரத்தாலேயே பொடியாக்கிப் புல்லுக்கே உரமாக விட்டுவிட்டு, மீதியை வாரிப் பைகளில் அடைத்து கராஜ் ஓரமாக அடுக்குவார். தோட்டத்துக் குழாய்களுக்குள் காற்றடித்து, உள்ளே உறைந்து வெடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் செய்வார். இளமரங்களின் அடித்தண்டில் தோல் வெடிக்காமலிருக்க வெள்ளை நாடாச் சுற்று, ஆப்பிள் மரத்தைச் சுற்றி முயலுக்கு எதிராகக் கம்பி வலை. சாலையோர வேலிச்செடிகளுக்கு, பனி உருகச் சாலையில் லாரி இறைக்கிற உப்பு படாமல் சாக்குத் துணிப் போர்வை.

"முப்பது வருசம் ஊரான் வேலி மேலயெல்லாம் உப்ப வாரியடிச்சான். இப்ப தன் செடிக்கு மட்டும் சட்டை தைக்கிறான் பாரு" என்பார் பக்கத்து வீட்டு லைல். பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எமெட்டைக் கேலி செய்யாத நாள் அவருக்கு ஜீரணமாகாது.

எல்லாம் முடிந்த பிறகு ரோஜாக்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் குளிரில் சாகாமலிருக்க ரோஜாவைப் புதைப்பவர்கள். தண்டுகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டி, பக்கத்தில் செடியின் உயரத்துக்கு ஒரு நீளக் குழி வெட்டி, ஒரு பக்கத்து வேரை மட்டும் இளக்கி, அடியில் பிடித்து மெதுவாகக் குழிக்குள் சாய்ப்பார்கள். வளைய வேண்டியது வேர். தண்டு வளைந்தால் முறிந்துவிடும். பிறகு மண். மேல்மண் இறுகத் தொடங்கியதும் அதன்மேல் சருகுப் பைகள். ஏப்ரலில் மண்ணை விலக்கித் தூக்கி நிறுத்தினால் தளிர் வரும்.

எமெட்டின் மனைவி ஆர்லிஸ் இதை எத்தனையோ வருடங்களாகப் பார்க்கிறாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள், எளிதில் அசருகிற ஆள் இல்லை. ஆனாலும் ஆளுயரச் செடி ஒன்று, கடைசிப் பூவோடு, சத்தமில்லாமல் மண்ணுக்குள் சாயும்போது அவள் கையில் இருக்கிற வேலை நின்றுவிடும். உயிரோடு இருப்பதைப் புதைக்கிறோம், அது ஐந்து மாதம் நம்மை நம்பிக் கிடக்கிறது என்று நினைக்கையில் அவளுக்கு உடம்பு சிலிர்க்கும். சொல்ல மாட்டாள். எங்கள் ஊரில் அதையெல்லாம் சொல்கிற வழக்கம் இல்லை. உச்சபட்சப் பாராட்டே "மோசமில்ல" என்பதுதான்.

ஒரு வருடம் வசந்தத்தில் எமெட்டுக்கு நெஞ்சுவலி வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். குழி வெட்டக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். எனவே அந்த அக்டோபரில் வெட்டியது லைல். கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து அதிகாரம் செய்தது எமெட். சாயங்காலத்துக்குள் எல்லாச் செடிகளும் மண்ணுக்குள் போய்விட்டன. ஒன்று மட்டும் பாக்கி.

அந்த ஒன்று கடையில் வாங்கியதல்ல. ரயில் பாதையோரப் பள்ளத்தில் தானாக வளர்ந்த காட்டு ரோஜாவின் மகரந்தத்தைத் தோட்டத்து ரோஜாவில் தடவி, விதையெடுத்து, முளைக்க வைத்து, நூற்றுக்கணக்கில் தூக்கியெறிந்து, எமெட் தானே உண்டாக்கிய செடி. பதினெட்டு வருட வேலை. பூ வெளிர் மஞ்சளாக இருக்கும், வாடும்போது ஓரம் சிவக்கும், பழுத்த ஆப்பிள் மணக்கும். உலகத்தில் அது ஒன்றே ஒன்றுதான். கிளை வெட்டி நட்டுப் பார்த்திருக்கிறார், எதுவும் வேர் பிடிக்கவில்லை.

ஆர்லிஸ் கயிற்றுருண்டையோடு வந்தாள்.

"இதுக்கு வேண்டாம்" என்றார் எமெட்.

"ஏன், வேற கயிறு வேணுமா?"

"புதைக்க வேண்டாம். நிக்கட்டும்."

லைல் மண்வாரியைத் தரையில் ஊன்றினார். "டாக்டர் நெஞ்சப் பாத்தாரு சரி. தலையப் பாத்தாரா?"

"இதோட அப்பன் ரயில்ரோட்டுப் பள்ளத்துல நிக்குது. அத யாரு புதைச்சா?"

"இதுக்கு அம்மான்னும் ஒருத்தி இருக்கா. அவ குளிர் தாங்க மாட்டா" என்றாள் ஆர்லிஸ். "எமெட், செத்துட்டா?"

"செத்துட்டா செத்துட்டதுதான். தெரிஞ்சாகணும்."

"பதினெட்டு வருசமாத் தெரியாமத்தான இருந்த. நல்லாத்தான இருந்த?"

எமெட் குனிந்தார். செடியின் அடியில் கிடந்த சருகைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிட்டு எழுந்தார். எல்லாம் அடங்கிப்போன அந்தத் தோட்டத்தில், மண்மேடுகளுக்கு நடுவே அது மட்டும் தலைவிரித்து நின்றது. ஆர்லிஸுக்கு வந்த கோபத்தில் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உப்பு ஒரு பங்கு கூடிப்போனது. எமெட் தட்டைக் காலி செய்தார்.

அந்தக் குளிர்காலம் வேறு வந்த விதம் சரியில்லை. பனி மண்ணுக்குப் போர்வை. அது விழுந்தால் செடிக்குப் பிழைப்பு உண்டு. கிறிஸ்துமஸ் வரை ஒரு பிடி விழவில்லை. ஆயுள் முழுக்கப் பனியைத் திட்டிச் சம்பாதித்த மனிதரின் பெண்டாட்டி சன்னலில் நின்று பனிக்காக வானத்தைப் பார்த்தாள். ஜனவரியில் குளிர் இறங்கியது. மைனஸ் இருபது. பிறகு இருபத்தெட்டு. பக்கத்து ஏரியில் பனிக்கட்டி இறுகி விரிசல்விடும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. வெறும் தரையில், வெறும் தண்டோடு, அந்த ரோஜா நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆர்லிஸ் தன் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டாள்.

ஒரு நாள் எமெட் கடைக்குப் போன நேரம் பார்த்து, கராஜ் ஓரத்திலிருந்து ஒரு சருகுப் பையை அவள் இழுத்துக்கொண்டு போனாள். செடியின் அருகில் போய் நின்றாள். பையின் வாயை அவிழ்த்தும்விட்டாள். ஆனால் கொட்டக் கை வரவில்லை. இந்த மனிதர் தன்னிடம் எதையும் மறைத்ததில்லை, தானும் அவரிடம் மறைத்ததில்லை. இதில் மட்டும் ஏமாற்றினால் அது செடியை ஏமாற்றியதாக இருக்காது. பையை மறுபடி கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஜனவரிக் கடைசியில் ஒருவழியாகப் பனி கொட்டியது. விடிந்ததும் லைல் தன் பனி அள்ளும் இயந்திரத்தோடு வந்துவிட்டார். எங்கள் தெருவில் அப்படித்தான். முதலில் எழுந்தவர் பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்து வழித்துவிடுவார், நன்றி சொன்னால் கோபம் வரும். லைல் வாசலை வழித்தார். வழித்ததோடு நிற்கவில்லை. இயந்திரத்தின் மூக்கைத் திருப்பி, அள்ளிய பனி முழுவதையும் அந்த ரோஜாவின் மேலேயே வீசினார். கழுத்து வரை மூடியாயிற்று. சன்னலில் நின்ற ஆர்லிஸைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவளுக்கு அந்த மனிதரை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

எமெட் கோட்டை மாட்டினார். ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"எமெட், நெஞ்சு!" என்று ஆர்லிஸ் கதவைத் திறந்து கத்தினாள்.

"மண்வாரியா எடுத்தேன்? துடைப்பந்தான" என்றார் அவர்.

பனியைத் தள்ளவில்லை, தட்டினார். மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, தண்டு ஒடியாமல். குழந்தையின் தலையில் ஒட்டிய மணலைத் தட்டுவதுபோலத் தட்டினார். கீழே வந்ததும் துடைப்பத்தை வைத்துவிட்டு, மண்டியிட்டு, கையுறைக் கையால் வழித்தார். மூச்சு வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. லைல் இயந்திரத்தை அணைத்துவிட்டார். உதவவும் தோன்றாமல், கேலி செய்யவும் தோன்றாமல் நின்றார்.

"ஏம்ப்பா, நீ என்ன கல்லா?" என்றார் கடைசியில்.

"நீ நல்லதுக்குத்தான் செஞ்ச லைல். எனக்குத் தெரியும்" என்றார் எமெட். மண் தெரியும்வரை வழித்துவிட்டுத்தான் எழுந்தார்.

ஆர்லிஸ் கதவைப் பிடித்தபடியே நின்றாள். இந்த ஆளோடு நாற்பத்தைந்து வருடம் குடித்தனம் செய்திருக்கிறாள். எந்தச் சட்டைக்கு எந்தப் பொத்தான் என்பது வரை தெரியும். தான் உண்டாக்கிய ஒன்றின்மேல் விழுந்த போர்வையைத் தானே எடுக்கிற அந்தக் கையை மட்டும் அவள் அன்றுதான் பார்த்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பனிக்கும் எமெட் துடைப்பத்தோடு போனார். அவள் தடுக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் லைல் மண்ணை விலக்கிப் புதைத்த செடிகளையெல்லாம் நிமிர்த்தினார். சேறு வழிய எழுந்து நின்றவை மே மாதம் பாதியாகும்போது தளிர்விட்டிருந்தன. புதைக்காதது மட்டும் கரிக்குச்சியாக நின்றது. எமெட் காபி குடிக்கப் பெட்ரோல் பங்க் கடைக்குப் போனதும் ஆர்லிஸ் தினமும் போய் நகத்தால் பட்டையைச் சுரண்டி உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்தாள். பழுப்பு, பழுப்பு, எங்கும் பழுப்பு. என்ன சொல்லி அவரைத் தேற்றுவது என்று பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே பேசிப் பார்த்துக்கொண்டாள். எதுவும் சரியாக வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை எமெட் கத்தரியை எடுத்துக்கொண்டு போனார். அவளும் இரண்டு கோப்பைக் காபியோடு பின்னாலேயே போனாள்.

நுனியில் வெட்டினார். உள்ளே பழுப்பு. ஒரு சாண் கீழே வெட்டினார். பழுப்பு. முதல் தண்டு தரைவரை போயிற்று, இரண்டாவதும் போயிற்று, மூன்றாவதும். பதினெட்டு வருடம் துண்டு துண்டாகப் புல்லில் விழுந்தது. ஆர்லிஸ் வேலியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

திரும்பினாள். கடைசித் தண்டு முழங்கால் உயரத்தில் வெட்டுப்பட்டு நின்றது. நடுவில் பால் வெள்ளை, அதைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம். ஈரம் மினுங்கியது. அதற்குக் கீழே, பட்டைக்கும் முள்ளுக்கும் நடுவில், அவள் நகம் எப்படியோ தொடாமல் போன இடத்தில், அரிசி முனை அளவுக்குச் சிவப்பாக ஒரு முளை. அவ்வளவு குளிரையும் வெறும் காற்றில் நின்று தாங்கியிருக்கிறது. உள்ளே அந்தச் சொட்டுப் பச்சையை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்திருக்கிறது. ஆர்லிஸின் தலை தானாகக் குனிந்தது. சர்ச்சில்கூட அவளுக்கு இப்படி ஆனதில்லை.

"மோசமில்ல" என்றார் எமெட். மண்டியிட்டபடியே, குழந்தைபோல முகமெல்லாம் சிரிப்பாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "இதுக்கு இனிமே நான் தேவையில்ல, ஆர்லிஸ்."

போன வசந்தத்தின் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து இந்த மனிதர் எதை யோசித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. காபிக் கோப்பைகளைப் புல்லில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் அவரிடம் நீட்டினாள்.

"எனக்குத் தேவை" என்றாள். "எந்திரி."